கோலம் போட எத்தனை வாரம்?

மாணவ நண்பர்களே, ஒரு கணக்குப் போடுவோம். கணிப்பொறித் திரையில் சிக்குக் கோலம் வரைகிற நிரல் ஒன்றை எழுத வேண்டும். எழுதியதைப் பூட்டி வைக்காமல், மூல நிரலோடு பொதுவில் வைத்துவிட வேண்டும். யார் வேண்டுமானாலும் அதைப் பயன்படுத்தலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். இவ்வகை நிரல்களை ஓப்பன் சோர்ஸ் என்கிறார்கள். கட்டற்ற மென்பொருள் என்றும் தமிழில் வழங்குகிறது. பிளஸ் ஒன் படிக்கும் மூன்று பேர் சேர்ந்து இதைச் செய்யப் போகிறார்கள். எத்தனை வாரம் ஆகும்?

திருச்செந்தூர் வட்டாரப் பள்ளிகளில் இதுபோன்ற கேள்வியை நான் கேட்கும்போதெல்லாம் வருகிற விடை, "நாலு வாரம் சார்" என்பதுதான். திட்டத்தாளும் உடனே தயாராகிவிடும். முதல் வாரம் பைத்தான் மொழி கற்றல். இரண்டாம் வாரம் கோலம் வரைதல். மூன்றாம் வாரம் வண்ணம், அசைவு, செல்போனுக்கு ஏற்றதாக்குதல். நான்காம் வாரம் உலகுக்கு வெளியிடுதல். ஒவ்வொரு வரியும் உண்மையான ஆர்வத்தோடு எழுதப்பட்டதுதான். ஆனாலும் இந்தத் தாளின்படி வேலை நடக்காது.

ஒரு திட்டம் பாதியில் நின்றுபோவதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஆறாவது வாரத்தில் அந்த மூவரில் ஒருவர், "எனக்கு கம்ப்யூட்டர் எல்லாம் சரிப்பட்டு வராது" என்று முடிவு கட்டிவிடுகிறாரே, அதுதான் வருத்தம். ஆலந்தலையிலோ அமலிநகரிலோ, தம் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கணிப்பொறியைத் தொட்ட பிள்ளை அப்படி முடிவு கட்டினால், அதை மாற்ற எளிதில் ஆள் கிடைப்பதில்லை. உன் அறிவில் குறை ஒன்றும் இல்லை, உன் காலக்கணக்கில்தான் பிழை என்று அந்தப் பிள்ளையிடம் யாரும் சொல்வதில்லை. அந்தப் பிழை எத்தகையது, அதை எப்படித் திருத்துவது என்பதை இங்கே பார்க்கலாம்.

கோலத்துக்குள் இருப்பது என்ன?

முதலில் கோலத்தைச் சிறிய விஷயம் என்று எண்ணிவிடாதீர்கள். சென்னை கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் கோலத்தை ஒரு மொழியைப் போலப் பாவித்து, அதற்கு இலக்கண விதிகள் வகுத்து, கணிப்பொறி வரைகலைக்கான ஆய்விதழ் ஒன்றில் 1974இல் கட்டுரை வெளியிட்டார்கள். வாசலில் நம் வீட்டுப் பெண்கள் விரலால் போட்டது, உலகக் கணிப்பொறி ஆய்வாளர்கள் படிக்கும் பக்கங்களுக்குப் போயிற்று.

சிக்குக் கோலத்தில் பௌதிகமும் உண்டு. புள்ளிகளைச் செவ்வகமாக வரிசைப்படுத்துங்கள். அவற்றைச் சுற்றி நான்கு பக்கமும் கண்ணாடிச் சுவர் எழுப்பியதாகக் கொள்ளுங்கள். புள்ளிகளுக்கு நடுவே 45 பாகைச் சாய்வில் ஓர் ஒளிக்கதிரை விட்டால், அது சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பி, கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். மூலைகளை வளைத்து மென்மையாக்கினால் அதுவே சிக்குக் கோலம். ஒரே கதிர் எல்லாப் புள்ளிகளையும் சுற்றி முடித்துவிடுமா, அல்லது இன்னொரு கதிர் தேவைப்படுமா? இதற்கு அழகான விதி ஒன்று இருக்கிறது. வரிசைகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு வரிசையிலும் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை, இவ்விரண்டின் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ, அத்தனை கோடுகள் வேண்டும். 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி என்றால் ஒரே கோடு. 4 வரிசை, 6 புள்ளி என்றால் 2 கோடுகள். 3க்கு 3 என்றால் 3 கோடுகள். நோட்டில் போட்டுச் சரிபார்த்துக் கொள்ளுங்கள். ஆறாம் வகுப்பில் எதற்குப் படிக்கிறோம் என்று தெரியாமல் படித்த மீப்பெரு பொது வகுத்தி, இங்கே வாசல்படியில் நிற்கிறது!

இவ்வளவும் தெரிந்துவிட்டால் நிரல் எழுதுவது எளிது அல்லவா? இங்கேதான் கால்கள் சறுக்குகின்றன. நோட்டுப் புத்தகத்தில் ஒய் அச்சு மேல்நோக்கிப் போகும். பெரும்பாலான வரைகலை முறைகளில் அது கீழ்நோக்கிப் போகும். அதைக் கவனிக்காமல் எழுதிய நிரல் கோலத்தைத் தலைகீழாகவே வரையும். ஆனால் செவ்வகச் சிக்குக் கோலம் தலைகீழாக நின்றாலும் அதே கோலம்தான். ஆகவே பிழை இருப்பதே தெரியாது. ஒரு மாதம் கழித்து நடுவில் குத்துவிளக்கு ஒன்றை வரைவீர்கள். விளக்கு தலைகீழாகத் தொங்கும். அப்போது எங்கே தவறு என்று தேடத் தொடங்கினால் இரண்டு சனிக்கிழமை போய்விடும்.

வளைவுக்கு சைன், கொசைன் வேண்டும். 90 பாகை என்று எண்ணி 90 என்று எழுதுவீர்கள். கணிப்பொறி அதை 90 ரேடியன் என்று எடுத்துக்கொள்ளும். அது 14 முழுச் சுற்றுக்கும் மேல். வளைவு எங்கோ போய் நிற்கும். இப்படிப்பட்டவை எந்தத் திட்டத்தாளிலும் வருவதில்லை. "வாரம் 2: ஒய் அச்சு தலைகீழாக இருப்பதைக் கண்டுபிடிக்க 5 மணி நேரம்" என்று யாரால் முன்கூட்டி எழுத முடியும்? ஒவ்வொரு இடறலும் இன்னது என்று நமக்குத் தெரியாது. ஆனால் மொத்தத்தில் இவை எவ்வளவு நேரத்தைத் தின்னும் என்பதை அளந்து வைத்திருக்கிறார்கள்.

நீண்டுபோன நாடா

பியூலர், கிரிஃபின், ராஸ் என்ற மூன்று உளவியல் ஆய்வாளர்கள் 1994இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். பட்டப்படிப்பின் இறுதியில் ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி விடை 33.9 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். தாங்களே சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இதில் வேடிக்கை என்னவென்றால், "எல்லாமே தவறாகப் போனால் எத்தனை நாள் ஆகும்?" என்றும் கேட்டிருந்தார்கள். அதற்குச் சராசரி விடை 48.6 நாள். கெட்ட காலத்தை எண்ணிச் சொன்ன கணக்கைக்கூட உண்மை மிஞ்சிவிட்டது. திட்டமிடுவதில் மனிதர் செய்யும் இந்தப் பிழையை டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்னும் அறிஞர்கள் 1979இலேயே சுட்டிக்காட்டியிருந்தார்கள்.

ஆய்வகத்தில் இரண்டு வகைப் பிழைகளைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். தனி ஊசலின் 20 அலைவுகளுக்கு நேரம் பார்க்கும்போது ஒரு தடவை சற்றுக் கூடும், மறு தடவை சற்றுக் குறையும். இவை ஒழுங்கற்ற பிழைகள். பல முறை அளந்து சராசரி எடுத்தால் பெரும்பாலும் ஒன்றையொன்று கழித்துவிடும். திருகு அளவியில் சுழிப்பிழை இருந்தால் கதை வேறு. நூறு முறை அளந்தாலும் பிழை ஒரே பக்கமாகத்தான் இருக்கும். சராசரி அதைப் போக்காது. ஆனால் அதன் அளவு தெரிந்துவிட்டால், ஒரே ஒரு திருத்தத்தில் சரிசெய்துவிடலாம். இவ்வகையை முறையான பிழை என்கிறோம்.

காலக்கணக்கில் நாம் செய்வது முறையான பிழை. அது எப்போதும் குறைவாகவே சொல்லும். சுழிப்பிழையைவிடப் பொருத்தமான உவமை வேண்டுமானால் தையல்காரரின் பழைய நாடாவைச் சொல்லலாம். இழுபட்டு இழுபட்டு நீண்டுபோன நாடா, துணியின் நீளத்தை உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். துணி நீளமாக இருக்க இருக்கப் பிழையும் கூடும். ஆகவே இங்கே கூட்டல் திருத்தம் போதாது, பெருக்கல் திருத்தம் வேண்டும். மேற்கண்ட சோதனையில் அது 55.5ஐ 33.9ஆல் வகுத்தது, அதாவது சுமார் 1.64. இந்த எண் இயற்கையின் மாறிலி ஒன்றும் அல்ல. உங்கள் நாடா 1.3 ஆக இருக்கலாம், 3 ஆகவும் இருக்கலாம். ஒன்றுக்குக் கீழே இருக்கும் மாணவரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

பெரியவர்களின் நாடா மட்டும் சரியாக இருக்குமோ என்று நினைக்கலாம். கணிப்பொறி அறிவியலின் பெரும்புள்ளியான டொனால்டு நூத், தம் நூலின் அச்சு அழகாக வரவில்லையே என்று 1977இல் தாமே ஒரு அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதத் தொடங்கினார். அதன் பெயர் டெக். கூடவே எழுத்துருக்களை வரைய மெட்டாஃபாண்ட் என்ற இன்னொரு மென்பொருள். அடுத்த ஆண்டு விடுப்புக்குள் முடிந்துவிடும் என்று எண்ணினார். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் பிடித்தன. ஆங்கில 'எஸ்' எழுத்தின் வளைவு ஒன்றே அவரைப் பாடாய்ப் படுத்தியது; அந்த ஒரு எழுத்தைப் பற்றியே 1980இல் தனிக் கட்டுரை எழுதினார் என்றால் பாருங்களேன். நூத் கெட்டிக்காரர் இல்லை என்று யாராவது சொல்வார்களா?

உங்களில் சிலர் படங்களைத் திருத்த கிம்ப் என்னும் மென்பொருளைப் பயன்படுத்தியிருக்கலாம். 1995இல் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்து மாணவர் இருவர், ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ், தொடங்கியது அது. மாணவர்கள் எழுதிய ஓப்பன் சோர்ஸ் வரைகலை மென்பொருளுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. பொதுமக்கள் தொட்டுப் பார்க்கும் அரைகுறை வடிவம் 1996இல் வந்தது. முழுமையானது என்று எண்ணிட்ட 1.0 வடிவம் வர 1998 ஆயிற்று. தொடங்கியவர்கள் விலகிய பின்னும் பிறர் எடுத்து நடத்தி, 3.0 வடிவம் 2025இல் வெளிவந்தது. முப்பது ஆண்டுகள்! "நான்காம் வாரம் உலகுக்கு வெளியிடுதல்" என்ற வரியை மறுபடி படித்துப் பாருங்கள்.

நம் ஊருக்கு அருகில் வருவோம். சென்னை ஐ.ஐ.டி.யில் விமானப் பொறியியல் ஆய்வு மாணவராக இருந்தபோது பிரபு ராமச்சந்திரன் 'மாயாவி' என்றொரு கட்டற்ற மென்பொருளை உருவாக்கினார். காற்றும் நீரும் பாய்வதைக் கணிப்பொறியில் கணக்கிட்டால் எண்கள்தாம் மலைபோலக் குவியும். அவற்றை முப்பரிமாணப் படமாகக் காட்டுவது மாயாவியின் வேலை. 2001இல் இந்திய ஆய்வரங்கு ஒன்றில் அது பற்றிய கட்டுரையை அவர் படித்தார். இன்று பல நாட்டு விஞ்ஞானிகள் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு மாணவர் தொடங்கியது எப்படி இவ்வளவு தூரம் வந்தது? அவர் எல்லாவற்றையும் அடியிலிருந்து எழுதவில்லை. முப்பரிமாணப் படம் வரையும் கடினமான பகுதி, 1993இலிருந்தே வி.டி.கே. என்ற கட்டற்ற நூலகத்தில் இருந்தது. அதைப் பைத்தான் மொழியிலிருந்து எளிதாகக் கையாளும் வழியைத்தான் அவர் கட்டினார். அதுவும் அவருக்கே தேவைப்பட்ட ஒன்று. பிறகு அதையே புதிதாகத் திரும்ப எழுதி இரண்டாம் மாயாவி வந்தது. வேலை ஒரு விடுமுறையில் முடியவில்லை. ஆனால் முதல் வடிவம் சிறியது, பயன்படக் கூடியது. இவ்விரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சலாபத்துக்கு முன் சிப்பி எடுத்தல்

எவ்வளவு ஆகும் என்று முன்னதாகவே தெரியாத வேலைக்கு எப்படி நாள் குறிப்பது? நம் கடற்கரைக்கு இது பழைய கேள்வி. மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம் நடந்த காலத்தில், தேதியை நினைத்தபடி அறிவித்துவிடுவதில்லை. முதலில் அதிகாரிகள் படகில் போய்ப் பார்களைப் பார்வையிடுவார்கள். பார் என்பது கடலடியில் சிப்பிகள் வாழும் மேடு. குளியாளிகளை இறக்கி மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றில் கிடைத்த முத்துகளை மதிப்பிடுவார்கள். சிப்பி முற்றியிருந்தால்தான் சலாபம். இல்லையென்றால் அந்த ஆண்டு இல்லை. பல ஆண்டுகள் தொடர்ந்து சலாபமே நடக்காமல் போனதும் உண்டு. தூத்துக்குடிக் கடலில் கடைசிச் சலாபம் 1961இல் நடந்தது. மாதிரி பார்க்காமல் ஆயிரக்கணக்கான ஆட்களைக் கரையில் கூட்டிவிட்டு, சிப்பி காலி என்று சொல்ல யாருக்கும் துணிவு வராது அல்லவா?

உங்கள் திட்டத்துக்கும் மாதிரிச் சிப்பி எடுங்கள். தேதி எதையும் அறிவிப்பதற்கு முன், இரண்டு சனிக்கிழமைகளில் மிகச் சிறிய ஒரு வேலையை முழுவதும் செய்து முடியுங்கள். 3க்கு 4 புள்ளிகளை மட்டும் திரையில் வரைந்து, ஒரே ஒரு வளைவு போட்டு, கோப்பாகச் சேமித்து, இணையத்தில் பொதுவில் வையுங்கள். பள்ளிக்கூடத்தில் நீங்கள் உண்மையில் உட்காரப் போகும் அதே கணிப்பொறியில் செய்ய வேண்டும். மாமா வீட்டுப் புதுக் கணிப்பொறியில் செய்தால் அது மாதிரி ஆகாது. தொடங்குமுன் எத்தனை மணி நேரம் ஆகும் என்று எழுதி வையுங்கள். முடிந்ததும் எத்தனை ஆனது என்று எழுதுங்கள். பின்னதை முன்னதால் வகுத்தால் உங்கள் நாடாவின் திருத்தம் கிடைத்துவிடும்.

எத்தனை சனிக்கிழமை இருக்கிறது?

அடுத்து, கையில் உள்ள நேரத்தை எண்ண வேண்டும். மாணவர்கள் வாரங்களை எண்ணுகிறார்கள். மணிகளை எண்ண வேண்டும் என்பது என் கருத்து. ஜூன் நடுவிலிருந்து ஜனவரி இறுதிவரை சுமார் 32 வாரங்கள். காலாண்டுத் தேர்வுக்கு 2 வாரம் கழியுங்கள். அரையாண்டுக்கு 3. தீபாவளியும் அதைத் தொட்டு வரும் கந்த சஷ்டியும் 2. சூரசம்ஹாரத்தன்று திருச்செந்தூரில் இருந்துகொண்டு நிரல் எழுதுவேன் என்று சொல்கிற பிள்ளையை நான் நம்ப மாட்டேன். லட்சக்கணக்கானோர் கடற்கரையில் நிற்கும்போது அவர் மட்டும் ஆய்வகத்திலா இருப்பார்? வீட்டு விசேஷம், காய்ச்சல் ஆகியவற்றுக்கு 1. மழைக்கு 2.

மழைக்கு எதற்கு இரண்டு வாரம் என்று மற்ற ஊர்ப் பிள்ளைகள் கேட்கக் கூடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்தில் நின்றது. அந்த வாரம் யாருடைய திட்டத்தாளிலும் இல்லை. அவ்வளவு பெரிய மழை ஆண்டுதோறும் வராது என்பது சரி. ஆனால் ஏதாவது ஒன்று ஆண்டுதோறும் வரும்.

எஞ்சியது 22 வாரம். வாரத்துக்கு மூவரும் ஒன்றாக உட்காரக் கூடியது 4 மணி நேரம் என்றால் மொத்தம் 88 மணி. ஓர் ஒப்பீட்டுக்குச் சொல்கிறேன். கூகுள் நிறுவனம் 2005 முதல் 'சம்மர் ஆஃப் கோட்' என்ற பெயரில், ஓப்பன் சோர்ஸ் வேலைக்குப் புதியவர்களைப் பழக்கும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. 18 வயது ஆனவர்களுக்கே அதில் இடம். அங்கே பெரிய வேலைக்கு 350 மணி, நடுத்தர வேலைக்கு 175 மணி, சிறிய வேலைக்கு 90 மணி என்று அளவு வைத்திருக்கிறார்கள். ஆக, பள்ளி மாணவர் மூவரின் ஓராண்டு உழைப்பு, அங்கே மிகச் சிறியது என்று பெயர் பெற்ற வேலைக்குக்கூட 2 மணி குறைவு!

இந்த 88ஐ 1.64ஆல் வகுத்தால் சுமார் 54. உங்கள் மனம் "54 மணியில் முடித்துவிடலாம்" என்று சொல்கிற வேலையைத்தான் நீங்கள் எடுக்க வேண்டும். 88 மணி ஆகும் என்று மனம் சொல்கிற வேலை உங்களிடம் இருக்கும் நேரத்துக்குள் அடங்காது.

மூன்று பேர் இருக்கிறோமே, வேலையைப் பங்கிட்டால் மூன்றில் ஒரு பங்கு நேரம் போதாதா என்று கேட்கலாம். ஐ.பி.எம். நிறுவனத்தில் மிகப் பெரிய மென்பொருள் பணியை முன்னின்று நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தம் அனுபவத்தை 1975இல் நூலாக எழுதினார். தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் புதிய ஆட்களைச் சேர்த்தால் தாமதம் இன்னும் கூடும் என்பது அதில் அவர் கண்ட உண்மை. ஒருவரோடு ஒருவர் பேசிப் புரிந்துகொள்ளவே நேரம் போகும். மூன்று பேருக்குள் 3 இணைகள். ஆறு பேருக்குள் 15. பத்துப் பேருக்குள் 45. வகுப்பு முழுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அன்போடு சொல்லும் ஆசிரியர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.

அதே நூலில் இன்னொரு கணக்கும் உண்டு. மொத்த நேரத்தில் நிரல் எழுதுவதற்கு ஆறில் ஒரு பங்குதான். மூன்றில் ஒரு பங்கு திட்டமிட, பாதி சோதித்துச் சரிசெய்ய. உங்கள் வேலை அவ்வளவு பெரியது அன்று. ஆனால் உங்களுக்குக் கற்றுக்கொள்ளவும் நேரம் வேண்டும். ஆகவே நான் இப்படிப் பிரிப்பேன். கற்கவும் கருவிகளை அமைக்கவும் 20 மணி. தாளில் வரைந்து முடிவு செய்ய 12. எழுத 16. பிழை திருத்த 24. விளக்கக் குறிப்பு எழுதவும் பிறரிடம் காட்டித் திருத்தவும் 16. எழுத வெறும் 16 மணியா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒய் அச்சுக் கதையை நினைவூட்டுகிறேன்.

எதை வெட்டுவது?

16 மணி நேரத்தில் எழுதக் கூடிய கோல நிரல் எப்படி இருக்கும்? வண்ணம் வேண்டாம். அசைவு வேண்டாம். செல்போன் வேண்டாம். செவ்வகப் புள்ளிகள், ஒரே வகைச் சிக்கு, அவ்வளவுதான். ஊடுபுள்ளிக் கோலத்தை அடுத்த ஆண்டு வருபவர்களுக்கு விட்டுவிடுங்கள். பொதுவில் வைத்த நிரல்தானே, அவர்கள் தொடர்வார்கள். திரையில் நேராக வரைவதைக்கூட நான் வேண்டாம் என்பேன். எஸ்.வி.ஜி. என்றொரு பட வகை இருக்கிறது. 2001இலேயே இணையத்துக்கான தர முறையாக ஏற்கப்பட்டது. அதன் சிறப்பு, படம் முழுவதும் வெறும் எழுத்துகளாலேயே ஆனது என்பது. வட்டம் என்றால் மையத்துக்கு இரண்டு எண்கள், ஆரத்துக்கு ஓர் எண், ஒரே வரியில் முடிந்தது. உங்கள் நிரல் அப்படிப்பட்ட வரிகளைக் கோப்பில் எழுதினால் போதும். இணைய உலாவியில் திறந்தால் கோலம் தெரியும். மாயாவி செய்ததும் இதுதானே; கடினமான பகுதியை ஏற்கெனவே செய்து வைத்தவர்களிடம் விட்டுவிடுதல்.

தேதி நெருங்கும்போது தேதியைத் தள்ளாதீர்கள், வேலையைச் சுருக்குங்கள் என்பது என் கட்சி. தள்ளிய தேதி மறுபடி தள்ளப்படும். சுருக்கிய வேலை முடியும். இதில் கருத்து வேறுபடுகிறவர்கள் இருக்கலாம். குறிக்கோள் உயர்ந்ததாக இருக்க வேண்டாமா என்பார்கள். இருக்கட்டும். கண்காட்சிக்கு மூன்றே வாரம் அவகாசம் கொடுத்து, "செயற்கை அறிவு", "முப்பரிமாணம்" என்று தலைப்பு பெரிதாக இருக்கிற அட்டைக்குப் பரிசும் கொடுத்துவிடும் நடுவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அட்டைக்குப் பின்னால் ஓடுகிற நிரல் உண்டா என்று எட்டிப் பார்க்கக்கூட நேரம் இல்லை. சின்னக் கோலத்தை ஒழுங்காக வரைகிற நிரலோடு வந்த பிள்ளை வெறுங்கையோடு போகிறது. இது அந்தப் பிள்ளைக்கு நாம் செய்யும் அநியாயம்.

திட்டத்தாளின் எந்த வரியும் ஒரு சனிக்கிழமைக்கு மேல் நீளக் கூடாது. "கோலம் வரைதல்" என்பது வரி ஆகாது. "புள்ளிகளைச் சரியான இடைவெளியில் வரைதல்" என்பது வரி. 2010 முதல் 2019 வரை 13 முதல் 17 வயதுள்ளவர்களுக்காக 'கோட்-இன்' என்ற போட்டி நடந்தது. அதில் ஒவ்வொரு வேலையையும் 3 முதல் 5 மணி நேரத்துக்குள் அடங்குமாறு வெட்டிக் கொடுத்தார்கள். நம் ஒரு சனிக்கிழமைக்குச் சரியான அளவு.

சொந்த நிரல் எழுதாமல் கிம்ப், இங்க்ஸ்கேப், கிரிட்டா போன்றவற்றில் ஏதேனும் திருத்தம் செய்து அனுப்ப விரும்புகிறவர்களும் இருப்பீர்கள். நல்லதே. ஆனால் அங்கே உங்கள் திருத்தத்தைப் படித்துப் பார்ப்பவர்களில் பலர் வேறு வேலைக்கு நடுவே, ஊதியம் இல்லாமல் செய்பவர்கள். பதில் வர ஒரு நாளும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். அவர்கள் கேட்கும் மாற்றத்தைச் செய்து மறுபடி அனுப்பினால் மறுபடி காத்திருக்க வேண்டும். அந்த நேரம் உங்கள் கையில் இல்லை. அனுப்பியது ஏற்கப்பட வேண்டும் என்று திட்டத்தாளில் எழுதாதீர்கள். அனுப்புவது வரை எழுதுங்கள். காத்திருக்கும் நாட்களுக்கு இன்னொரு சிறு வேலையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிழை ஒன்றைத் தெளிவாக விவரித்து எழுதி அனுப்புவதும், மெனுவில் உள்ள சொற்களைத் தமிழாக்குவதும் உண்மையான பங்களிப்புகளே.

இனிக் கோல நிரலின் கடைசி 16 மணி. ஜூனில் தொடங்கினால் இது மார்கழியில் வந்து சேரும். கோலத்துக்கு அதைவிட நல்ல காலம் ஏது? நிரல் வரைந்த கோலத்தை அச்சிட்டு, நாள்தோறும் வாசலில் கோலம் போடுகிற அம்மாவிடமோ ஆச்சியிடமோ கொடுங்கள். "இந்த வளைவு இப்படி வராதே", "இங்கே கோடு புள்ளியைத் தொடுகிறதே" என்று அவர்கள் விரல் எங்கே நிற்கிறதோ, அந்த இடத்தில் பென்சிலால் குறியிடுங்கள். பொதுவாக அத்தகைய குறிகள் முதல் தாளிலேயே ஐந்தாறு விழும். அவற்றில் இரண்டையோ மூன்றையோ திருத்த நேரம் இருக்கும். மீதியைத் 'தெரிந்த குறைகள்' என்று தலைப்பிட்டு நிரலோடு சேர்த்து வெளியிடுங்கள். கூடவே, ஒவ்வொரு வேலைக்கும் நினைத்தது எத்தனை மணி, ஆனது எத்தனை மணி என்ற பட்டியலையும் வையுங்கள். அடுத்த ஜூனில் ஊடுபுள்ளிக் கோலத்தை எடுக்கப் போகும் மூன்று பேருக்கு அந்தப் பட்டியல் தேவைப்படும்.